எதில் சிறந்திருப்போம்? தொடாமலே விட்ட திறமைகளின் கணக்கு

2007இல் பிரிட்டனில் ஓர் அறிவிப்பு வந்தது. வயது 16க்கும் 25க்கும் இடையில் இருக்க வேண்டும், ஆள் நல்ல உயரமாக இருக்க வேண்டும், ஏதோ ஒரு விளையாட்டில் பழக்கம் இருக்க வேண்டும். அது எந்த விளையாட்டு என்பது முக்கியமில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு ஆள் தேடிய திட்டம் அது. விண்ணப்பித்தவர்களில் ஹெலன் குளோவரும் ஒருவர். கேட்ட உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்ததால், அளக்கும்போது குதிகாலைத் தூக்கி நின்றதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். துடுப்புப் படகுப் போட்டிக்கும் அவருக்கும் அதுவரை எந்தத் தொடர்பும் இல்லை. 2008இல்தான் துடுப்பைக் கையில் எடுத்தார். 2012இல் ஹெதர் ஸ்டானிங்குடன் சேர்ந்து இருவர் படகுப் போட்டியில் தங்கம் வென்றார். 2016இல் அதே இணை மறுபடியும் தங்கம் வென்றது.

இப்போது ஒரு கேள்வி. 2006இல் குளோவருக்குத் துடுப்புத் திறமை இருந்ததா? இருந்தது என்றால், உலகின் தலைசிறந்த துடுப்பு வீராங்கனைகளில் ஒருவர் அது தெரியாமலே ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு உடற்கல்வி சொல்லிக்கொடுத்து வாழ்நாளைக் கழித்திருப்பார். இல்லை என்றால், நான்கே ஆண்டில் அது எங்கிருந்து வந்தது? நீண்ட கைகால், ஓட்டத்தில் பழகிய நுரையீரல், வலி தாங்கும் மனம் எல்லாம் அவரிடம் முன்பே இருந்தன. ஆனால் அவற்றுக்குத் துடுப்புத் திறமை என்ற பெயர் படகில் ஏறிய பிறகுதான் பொருந்தியது.

"நான் மட்டும் அப்போது அதைக் கற்றிருந்தால்..." என்று தொடங்கும் பேச்சு எல்லோரிடமும் உண்டு. பாட்டு, கணிதம், சதுரங்கம், ஓவியம், ஓட்டம், ஏதோ ஒன்று. அந்தப் பேச்சில் திறமை என்பது உள்ளே புதைந்து கிடக்கும் புதையல், தோண்டவில்லை, அவ்வளவுதான். ஆய்வுகளைப் படித்தால் எனக்குத் தென்படுவது வேறு. ஓர் ஆளும் ஒரு வேலையும் சந்தித்து, சில காலம் சேர்ந்திருந்த பிறகு உருவாவதையே திறமை என்கிறோம். அந்தச் சந்திப்பு நிகழாத இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் விடையே கிடையாது. சந்திப்பு ஏன் நிகழவில்லை என்ற கேள்விக்கு மட்டும் நல்ல விடைகள் இருக்கின்றன.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். இந்தப் பழமொழியைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் கலிஃபோர்னியாவில் நுண்ணறிவுத் தேர்வு வைத்து, அதிக மதிப்பெண் எடுத்த சுமார் 1500 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். அவர்களில் பலர் நல்ல வேலையில் அமர்ந்தார்கள், நிறையப் படித்தார்கள். நோபல் பரிசு வாங்கியவர் ஒருவரும் இல்லை. அதே தேர்வை எழுதி, மதிப்பெண் போதாமல் பட்டியலில் இடம்பெறாத இரண்டு சிறுவர்கள் பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கினார்கள். ஒருவர் டிரான்சிஸ்டர் கண்டுபிடிப்பில் பங்கேற்ற வில்லியம் ஷாக்லி, 1956இல். மற்றவர் லூயிஸ் அல்வாரெஸ், 1968இல். தேர்வு பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதிக மதிப்பெண் எடுத்தவர்கள் சராசரியாகப் பார்த்தால் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் உச்சியைத் தொடப்போகிறவர் யார் என்பதை முளையில் பார்த்துச் சொல்ல அந்தத் தேர்வால் முடியவில்லை.

1985இல் பெஞ்சமின் புளூம் வெளியிட்ட ஆய்வு மறுமுனையிலிருந்து வந்தது. பியானோ கலைஞர்கள், சிற்பிகள், நீச்சல் வீரர்கள், டென்னிஸ் வீரர்கள், கணித அறிஞர்கள், நரம்பியல் அறிஞர்கள் என்று தத்தம் துறையில் உச்சியைத் தொட்ட 120 பேரின் இளமையை அவர் குழு விசாரித்தது. பலர் சிறுவயதில் அப்படியொன்றும் தனித்துத் தெரிந்தவர்கள் அல்ல. ஆரம்பத்தில் பெரும்பாலும் விளையாட்டாகக் கற்றிருக்கிறார்கள். முதல் ஆசிரியர் பெரிய வித்தகராக இருந்ததைவிட, அன்பாக, பொறுமையாக இருந்ததே பலர் நினைவில் நின்றது. கண்டிப்பும் நுணுக்கமும் உள்ள ஆசிரியர் பிறகு வந்தார். இந்த வரிசை மாறியிருந்தால், அதாவது ஏழு வயதில் கண்டிப்பானவர் முதலில் வந்திருந்தால், அந்த 120 பேரில் எத்தனை பேர் பியானோவை மூடிவைத்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. தொடாமல் விட்ட திறமைகளில் ஒரு பெரும்பகுதி உண்மையில் தொட்டு, சூடுபட்டு, விட்டவை.

2022இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில் ஆர்னே குல்லிச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆயிரக்கணக்கான விளையாட்டு வீரர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உலக அளவில் முன்னணிக்கு வந்தவர்கள், தேசிய அளவில் நின்றுவிட்டவர்களோடு ஒப்பிட்டால், தங்கள் முக்கிய விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியிருந்தார்கள். சிறுவயதில் வேறு பல விளையாட்டுகளை ஆடியிருந்தார்கள். ஆரம்பத்தில் அவர்களுடைய முன்னேற்றம் மெதுவாகவே இருந்தது. பத்து வயதில் கோப்பை வாங்கும் பிள்ளையும் இருபத்தைந்து வயதில் கோப்பை வாங்கும் ஆளும் பெரும்பாலும் ஒருவரே அல்ல. பத்து வயதில் கோப்பை வாங்காததால் விலகிப்போன பிள்ளைகளைப் பற்றி எந்தத் தரவும் இல்லை; அவர்கள் கணக்கிலேயே வருவதில்லை.

பிறவித் திறமையா, பயிற்சியா என்ற பழைய வழக்கை இங்கே முழுக்க விசாரிக்கப் போவதில்லை. ஆனால் அதில் ஒரு சுவையான முடிச்சு இருக்கிறது, அதை மட்டும் அவிழ்த்துப் பார்க்கலாம்.

1993இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் இரண்டு சக ஆய்வாளர்களும் பெர்லினில் வயலின் மாணவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் தனியாக அமர்ந்து சாதகம் செய்த நேரம் சராசரியாக 10,000 மணி. இந்த எண் பின்னர் உலகம் முழுக்கப் பரவி, யாரும் 10,000 மணி உழைத்தால் எதிலும் வித்தகராகலாம் என்று உருமாறியது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அது ஒரு சராசரி, சிலர் அதைவிடக் குறைவாகச் சாதகம் செய்திருந்தார்கள். 2014இல் புரூக் மெக்னமாரா குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆளுக்கு ஆள் உள்ள திறன் வேறுபாட்டில் திட்டமிட்ட பயிற்சியால் விளக்கக்கூடிய பங்கு சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26 சதவீதம், இசையில் 21, விளையாட்டில் 18, கல்வியில் 4 என்று வந்தது. மீதி எங்கிருந்து வருகிறது? "பிறவி" என்று உடனே சொல்லத் தோன்றும். அங்கேதான் முடிச்சு.

கிளாட் பூஷார் தலைமையில் நடந்த ஹெரிடேஜ் குடும்ப ஆய்வு, உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 481 பேரை 20 வாரம் ஒரே மாதிரியான மிதிவண்டிப் பயிற்சியில் ஈடுபடுத்தியது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவர்கள் உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளந்தார்கள். சராசரி உயர்வு நிமிடத்துக்குச் சுமார் 400 மில்லிலிட்டர். சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல் உயர்ந்தது. சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே மாறவில்லை. ஒரே பயிற்சி, ஒரே கண்காணிப்பு, விளைவு மட்டும் இப்படி. இந்த வேறுபாடு குடும்பங்களுக்குள் குறைவாகவும் குடும்பங்களுக்கு இடையே அதிகமாகவும் இருந்ததால் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்று கணித்தார்கள். முக்கியமான செய்தி இது: தொடங்கும்போது யார் எந்த நிலையில் இருந்தார் என்பதை வைத்து, யார் அதிகம் முன்னேறுவார் என்று சொல்ல முடியவில்லை.

அதாவது, பிறவியிலேயே அமைந்த ஒன்று இருக்கிறது. ஆனால் பயிற்சி எடுத்தால்தான் அது வெளியே தெரியும். பயிற்சிக்கு உடலும் மூளையும் எப்படி வளைந்து கொடுக்கின்றன என்பதே அந்தப் பிறவிக் கூறு. இதனால் "எனக்கு அது வராது" என்று முதல் வாரத்தில் சொல்பவருக்கும், "எனக்கு அது இயல்பாகவே வரும்" என்று முதல் வாரத்தில் சொல்பவருக்கும் ஒரே அளவுக்குத்தான் ஆதாரம் இருக்கிறது.

உயரம் தாண்டுதலில் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சுவீடனின் ஸ்டெஃபான் ஹோம் சிறுவயதிலிருந்தே தாண்டியவர், உயரம் 1.81 மீட்டர் மட்டுமே, அந்தப் போட்டிக்குக் குள்ளம். பல ஆண்டு உழைப்பில் 2004 ஒலிம்பிக் தங்கத்தையும், 2005இல் உள்ளரங்கில் 2.40 மீட்டரையும் எட்டினார். பஹாமாஸின் டொனால்ட் தாமஸ் கல்லூரியில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர். 2006இல் நண்பர்களோடு வந்த ஒரு சவாலுக்காகக் கம்பியைத் தாண்டிப் பார்த்தார். அடுத்த ஆண்டே ஒசாகாவில் நடந்த உலகப் போட்டியில் 2.35 மீட்டர் தாண்டி வென்றார். அதில் ஹோம் நான்காவது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாகத் தாமஸின் பிறவித் தசைநாரோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில் தென்படுவது அந்தச் சவால். அது வராமல் போயிருந்தால், தாமஸ் ஓரளவு நன்றாக ஆடும் கூடைப்பந்து வீரர், அவ்வளவே. அவர் எதையோ இழந்தார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது, நமக்கும் தெரிந்திருக்காது.

இப்படிச் சவால் வராமல் போன ஆட்கள் எத்தனை பேர்? ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது, ஆனால் கூட்டமாக எண்ண முடியும். இதை மிக நன்றாகச் செய்தது அமெரிக்காவில் அலெக்ஸ் பெல், ராஜ் செட்டி உள்ளிட்டோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு. காப்புரிமை பெற்ற 12 லட்சம் கண்டுபிடிப்பாளர்களின் பதிவுகளை அவர்களது பெற்றோரின் வரிக் கணக்குகளோடு இணைத்துப் பார்த்தார்கள். வருமானத்தில் மேல் 1 சதவீதக் குடும்பத்தில் பிறந்த குழந்தை கண்டுபிடிப்பாளராகும் வாய்ப்பு, நடு வருமானத்துக்குக் கீழுள்ள குடும்பத்துக் குழந்தையைவிட 10 மடங்கு. பணக்காரப் பிள்ளைகள் புத்திசாலிகளாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். அதையும் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்புக் கணித மதிப்பெண் ஒன்றாக இருந்தாலும் இடைவெளி நீடித்தது. மதிப்பெண் வேறுபாட்டால் அந்த இடைவெளியின் மூன்றில் ஒரு பங்கைக்கூட விளக்க முடியவில்லை.

மிச்சத்தில் பெரிய பங்கு, பார்த்து வளர்வது. கண்டுபிடிப்பாளர்கள் நிறைந்த பகுதியில் வளர்ந்த குழந்தை கண்டுபிடிப்பாளராகும் வாய்ப்பு கூடுகிறது. அதுவும் அந்தப் பகுதியில் எந்தத் தொழில்நுட்பம் அதிகமோ அதே துறையில். பெண் கண்டுபிடிப்பாளர்கள் இருக்கும் பகுதியில் வளர்ந்தால் சிறுமிகளுக்கு வாய்ப்பு கூடுகிறது. ஆண் கண்டுபிடிப்பாளர்களை மட்டும் பார்த்து வளர்ந்தால் சிறுமிகளுக்கு அந்தப் பலன் இல்லை. பெண்களும் சிறுபான்மையினரும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளும், வசதியான குடும்பத்து வெள்ளையின ஆண்களைப் போன்ற விகிதத்தில் கண்டுபிடிப்பில் இறங்கியிருந்தால், நாட்டின் கண்டுபிடிப்பு வேகம் 4 மடங்காகியிருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. இங்கே தடை யாரும் போட்ட தடை அல்ல. அப்படி ஒரு வேலை இருக்கிறது, அதை நம்மைப் போன்ற ஆட்கள் செய்கிறார்கள் என்பது கண்ணில் படவில்லை. கண்ணில் படாத ஒன்றின் மேல் ஆசை வராது. ஆசை வராததால் ஏக்கமும் இல்லை. நம் இழப்புகளில் பெரியவை நம் ஏக்கங்களின் பட்டியலில் இல்லை என்றே நினைக்கிறேன். பாடகராகியிருக்கலாம் என்று ஏங்குபவர் பாட்டைக் கேட்டவர். படிகங்களின் வடிவத்தை ஆராய்வதில் நிகரற்றவராகியிருக்கக் கூடியவர், அப்படி ஒரு துறை இருப்பதே தெரியாமல், பாடகராகவில்லையே என்று ஏங்கிக்கொண்டிருக்கலாம்.

துறையே பிறக்காத காலத்தில் பிறந்தவர்கள் இன்னொரு கூட்டம். கணினி நிரல் எழுதுவதற்கென்றே அமைந்த மூளை 1500ஆம் ஆண்டிலும் பிறந்திருக்கும். இன்று பிறக்கும் யாரோ ஒருவருக்கு உரிய வேலை 2150இல் வரலாம். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

கண்ணில் பட்டும், கைக்குக் கிடைத்தும், பாதியில் நிறுத்தப்பட்டவர்கள் கதை வேறு. மரியா அன்னா மோட்சார்ட், 1751இல் பிறந்தவர், இசைமேதை வொல்ஃப்காங் மோட்சார்ட்டின் அக்கா. சிறுவயதில் தம்பியோடு ஐரோப்பா முழுக்கச் சென்று அரசவைகளில் விசைப்பலகை வாசித்தார். 12 வயதில் ஐரோப்பாவின் தேர்ந்த கலைஞர்களில் ஒருத்தி என்று தந்தை லியோபோல்ட் கடிதம் எழுதினார். மணமாகும் வயது நெருங்கியதும் பயணம் நின்றது. 1769இல் தந்தையும் தம்பியும் இத்தாலிக்குப் போனார்கள், அவர் வீட்டில் இருந்தார். 1770இல் அவர் அனுப்பிய ஒரு பாட்டைப் பார்த்து வியந்து தம்பி பதில் எழுதியிருக்கிறார். அவர் எழுதிய இசையில் ஒன்றுகூட இன்று இல்லை.

இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோனின் அக்கா ஃபேனியின் நிலை சற்று மாறுபட்டது. 1820இல் அவருடைய தந்தை எழுதிய கடிதத்தின் சாரம்: தம்பி ஃபெலிக்ஸுக்கு இசை தொழிலாகலாம், உனக்கு அது அணிகலனாக மட்டுமே இருக்க முடியும். ஆனால் ஃபேனி எழுதுவதை நிறுத்தவில்லை. 450க்கு மேற்பட்ட படைப்புகள் எழுதினார். தன் பெயரில் வெளியிடத் துணிந்தது 1846இல். அடுத்த ஆண்டு இறந்தார். 1828இல் அவர் எழுதிய ஈஸ்டர் சொனாட்டா நெடுங்காலம் தம்பியின் படைப்பு என்று கருதப்பட்டு, 2010இல்தான் கையெழுத்துப் படியை ஆராய்ந்து அவருடையது என்று உறுதி செய்தார்கள்.

இந்த இருவரையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். நான் பிரித்தே பார்ப்பேன். ஃபேனியின் திறமை வளர்ந்தது, மறைக்கப்பட்டது. மறைக்கப்பட்டதைத் தேடி எடுக்க முடியும், எடுத்தார்கள். மரியா அன்னாவுக்கு நேர்ந்தது வேறு. 18 வயதுக்குப் பிறகு பெரிய ஆசிரியர்களும் புதிய ஊர்களும் சபையின் கேள்விகளும் இருந்திருந்தால் அவர் என்னவாகியிருப்பார் என்பதை எந்த ஆவணக் காப்பகத்திலும் தேட முடியாது. அது அங்கு இல்லை. தம்பியின் அளவுக்கு வந்திருப்பார் என்று சொல்வது அவருக்கு மரியாதை செய்வது போலத் தோன்றும், ஆனால் ஆதாரம் இல்லாத பேச்சு. வந்திருக்க மாட்டார் என்று சொல்வதற்கும் ஆதாரம் இல்லை.

கரோலின் ஹெர்ஷலின் வாழ்க்கை இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்குகிறது. 1750இல் ஹனோவரில் பிறந்தவர். பத்து வயதில் வந்த காய்ச்சலால் வளர்ச்சி நின்றுபோனது. தாய்க்கு அவர் வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக இருந்தால் போதும். 1772இல் அண்ணன் வில்லியம் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துவந்தார், பாடப் பயிற்றுவிப்பதற்காக. நன்றாகவே பாடினார்; மேடையில் தனிப்பாடகியாக நின்றார்; வேறு ஊர் இசை விழாவிலிருந்து அழைப்பும் வந்தது, அண்ணன் நடத்தாத கச்சேரியில் பாட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். பிறகு அண்ணன் யுரேனஸைக் கண்டுபிடித்து வானியலில் முழுநேரமாக இறங்கவே, தங்கையின் பாட்டு முடிந்தது. கையில் ஒரு சிறு தொலைநோக்கி வந்தது. 1786இல், 36 வயதில், தன் முதல் வால்மீனைக் கண்டார். மொத்தம் 8 வால்மீன்கள். 1828இல் வானியல் சங்கத்தின் தங்கப் பதக்கம். இவரை நாம் கண்டெடுக்கப்பட்ட திறமை என்று கொண்டாடுகிறோம். அந்தக் கண்டெடுப்பின் விலை ஒரு பாடகி. எந்த வாழ்க்கையிலும் ஒன்று வளர்ந்தால் வேறு சில வளராமல் நிற்கும். வளராதவை எல்லாம் அநியாயம் அல்ல. மனிதருக்கு ஒரு நாளில் இருக்கும் நேரம் அவ்வளவுதான்.

இனி நம்மைப் பற்றி. எல்லோருக்குள்ளும் ஏதோ ஓர் அபாரத் திறமை ஒளிந்திருக்கிறது என்ற ஆறுதலை நான் நம்புவதில்லை. ஒருவருக்கு எல்லாத் துறைகளும் திறந்திருந்தாலும் பலவற்றில் நடுத்தரமாகவே இருப்பார், சிலவற்றில் சராசரிக்கு மேல். சராசரிக்கு மேல் என்பதே வாழ்க்கைக்கு ஏராளம். ஆனால் வாழாத வாழ்க்கையைக் கற்பனை செய்யும்போது நாம் அந்தச் சராசரி ஆளைக் கற்பனை செய்வதில்லை. எழுத்தாளராகியிருப்பேன் என்பவரின் கண்முன் நிற்பது விருது பெற்ற எழுத்தாளர். மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்ட கையெழுத்துப் பிரதியோடு, வேறு வேலை பார்த்து, இரவில் எழுதும் ஆயிரம் பேர் அந்தக் கற்பனையில் வருவதில்லை. அவர்களில் ஒருவராக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்தக் கற்பனைக்கு ஒரு பண்பு உண்டு: காலம் ஆக ஆக அது பெருகும். தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1990களில் காட்டியது இது. அண்மை நாட்களை நினைக்கும்போது செய்த தவறுகள் அதிகம் உறுத்துகின்றன. மொத்த வாழ்க்கையை நினைக்கும்போது செய்யாமல் விட்டவை உறுத்துகின்றன. செய்த தவறுக்கு விளைவு தெரியும், அதோடு எப்படியோ சமரசமாகிவிடுகிறோம். செய்யாததற்கு எல்லை இல்லை. அது எவ்வளவு நன்றாக நடந்திருக்கும் என்று வேண்டிய அளவு நீட்டிக்கொள்ளலாம். 2018இல் கிலோவிச் இன்னொரு சகாவோடு வெளியிட்ட ஆய்வில், நீண்ட நாள் தங்கும் வருத்தம் கடமை தவறியதைப் பற்றியது குறைவு, ஆக விரும்பிய ஆளாக ஆகாததைப் பற்றியது அதிகம் என்று கண்டார்கள். அன்று ஏன் தொடங்கவில்லை என்பதற்கு அன்று காரணம் இருந்தது: பணம் இல்லை, நேரம் இல்லை, பயம். அந்தக் காரணங்கள் காலப்போக்கில் சிறுத்துத் தெரிகின்றன. தடை சிறுத்தும் பரிசு பெருத்தும் தெரியும்போது, அன்றைய நம்மைச் சோம்பேறி என்று இன்றைய நாம் ஏசுகிறோம். பெரும்பாலும் அது நியாயமான தீர்ப்பு அல்ல.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? சில வளையாது, அதை மறைத்துப் பயனில்லை. ஜேனட் வெர்க்கர் 1984இல் காட்டியபடி, ஆறு மாதக் குழந்தைக்குப் பிரித்தறிய முடிகிற அயல்மொழி ஒலிகள் சில, ஒரு வயதாகும்போது அதே குழந்தைக்குப் பிரிபடுவதில்லை. எந்தச் சுரத்தையும் வேறு துணையின்றிக் கேட்ட மாத்திரத்தில் பெயர் சொல்லும் ஆற்றல், மிகச் சிறுவயதில் இசை தொடங்கியவர்களிடமே பெரும்பாலும் காணப்படுகிறது. பந்தெறியும் வீரரின் தோள் எலும்பு, வளரும் வயதில் எறிந்து எறிந்தே சற்று முறுக்கிக்கொள்கிறது. வளர்ச்சி முடிந்த பிறகு தொடங்கினால் அந்த முறுக்கு கிடைக்காது. இவை உண்மையாகவே மூடிய கதவுகள்.

ஆனால் பட்டியல் நினைப்பதைவிடச் சிறியது. ஜோஷுவா ஹார்ட்ஷோர்னும் லாரா ஜெர்மைனும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பல்லாயிரம் பேரின் தேர்வு முடிவுகளை வைத்து, மூளையின் வெவ்வேறு திறன்கள் வெவ்வேறு வயதில் உச்சம் பெறுவதைக் காட்டினார்கள். தகவலை விரைவாகக் கையாளும் வேகம் 18, 19 வயதில். பிறர் கண்களைப் பார்த்து உணர்ச்சியைப் படிப்பது 40களிலும் 50களிலும். சொல்வளம் 60களின் பிற்பகுதி வரைகூட ஏறுகிறது. வேகத்தில் நிற்கும் துறைகளுக்கு இளமை வேண்டும். சொல்லிலும் மனிதரைப் படிப்பதிலும் நிற்கும் துறைகளுக்கு அந்த அவசரம் இல்லை. அமெரிக்க ஓவியர் கிராண்ட்மா மோசஸ் மூட்டுவலியால் பூத்தையல் முடியாமல் போனபோது, 70களின் பிற்பகுதியில், ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கினார். 101 வயது வரை வாழ்ந்தார். இத்தகைய கதைகளை ஊக்கமூட்டச் சொல்வார்கள். அவர் கை தையலில் பல பத்தாண்டுகள் நிறங்களோடும் வடிவங்களோடும் பழகியிருந்தது என்பதை விட்டுவிடுவார்கள். வெறுங்கையோடு தொடங்கியவர் அல்ல.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று தொடங்கும் ஔவையார் வெண்பாவில் ஒரு பிரிவினை இருக்கிறது. ஓவியம், மொழி, கல்வி, ஒழுக்கம் எல்லாம் பழக்கத்தின் பக்கம். நட்பு, தயை, கொடை மட்டும் பிறவிக் குணம். நம் காலத்துப் பேச்சு இதை அப்படியே தலைகீழாக்கியிருக்கிறது. ஓவியன் பிறக்கிறான் என்கிறோம், அன்பைப் பயிற்சி வகுப்பில் கற்றுத்தருகிறோம். வெண்பா ஆய்வு முடிவு அல்ல என்றாலும், முதல் பாதியில் ஆய்வுகளுக்கு நெருக்கமாகவே நிற்கிறது.

ஹங்கேரியின் லாஸ்லோ போல்கர் இந்த முதல் பாதியைத் தன் வீட்டிலேயே சோதித்தவர். மேதைகள் பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறார்கள் என்று நம்பி, மூன்று மகள்களுக்கும் வீட்டிலேயே சதுரங்கம் கற்பித்தார். மூத்தவர் சூசன் கிராண்ட்மாஸ்டரானார், பெண்கள் உலகப் பட்டமும் வென்றார். கடைக்குட்டி ஜூடித் 1991இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டராகி, அதுவரை பாபி ஃபிஷரிடம் இருந்த சாதனையை முறியடித்தார். ஆண், பெண் பிரிக்காத உலகத் தரவரிசையில் 8ஆம் இடம் வரை போனார். நடு மகள் சோஃபியா சர்வதேச மாஸ்டர். ஒரே வீடு, ஒரே ஆசிரியர், மூன்று வெவ்வேறு உயரம். ஆனால் மூன்றும் சராசரி ஆள் எட்டிப் பார்க்க முடியாத உயரம். இதில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்த மூவரும் வேறு எதில் சிறந்திருப்பார்கள்? சதுரங்கம் அவர்களுக்குக் கிடைத்தது. கிடைக்காத மற்றவை, மரியா அன்னாவின் இசையைப் போலவே, விடையில்லாத பக்கத்தில் இருக்கின்றன. எனக்கு இது சோகமாகப் படவில்லை. எல்லாவற்றையும் சோதித்த பிறகு ஒன்றைத் தேர்வது எந்த மனிதருக்கும் முடியாது.

சிலவற்றையாவது சோதித்துவிட்டுத் தேர்வது முடியும், அது பலன் தருகிறது. இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் சேரும்போதே பாடத்தை முடிவு செய்ய வேண்டும். ஸ்காட்லாந்தில் முதல் இரண்டு ஆண்டு பல பாடங்களைத் தொட்டுப் பார்க்கலாம். பொருளியலாளர் ஓஃபர் மலமுட் இரண்டையும் ஒப்பிட்டபோது, முன்கூட்டியே முடிவு செய்த இங்கிலாந்து மாணவர்களே பிறகு படிப்புக்குத் தொடர்பில்லாத வேலைக்கு அதிகம் மாறியிருந்தார்கள். சீக்கிரம் தொடங்கியதால் கிடைத்த முன்னிலையை, தவறான இடத்தில் தொடங்கியது தின்றுவிட்டது.

இத்தனைக்கும், சந்திப்பு நடக்கும் இடத்திலேயே ஆளை வடிகட்டும் ஏற்பாடுகள் சில மிகச் சாதாரணமானவை. 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லியும் சக ஆய்வாளர்களும் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதியைப் பார்த்தார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருந்தார்கள். சிறுவர் அணிகளுக்கு வயதுக் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்த பிள்ளை டிசம்பரில் பிறந்த பிள்ளையைவிட ஏறக்குறைய ஒரு வயது பெரியவன், ஆனால் இருவரும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். எட்டு வயதில் ஓராண்டு என்பது உடல் அளவில் பெரிய இடைவெளி. பெரியவன் திறமைசாலியாகத் தெரிகிறான், நல்ல அணிக்குப் போகிறான், நல்ல பயிற்சியாளரும் அதிக ஆட்டங்களும் கிடைக்கின்றன, சில ஆண்டுகளில் நிஜமாகவே திறமைசாலியாகிவிடுகிறான். டிசம்பரில் பிறந்தவன் தனக்கு ஹாக்கி வராது என்று முடிவு செய்து, பின்னாளில் அதைத் தன்னைப் பற்றிய உண்மையாகச் சொல்லிக்கொண்டிருப்பான். தேதி எதுவாக இருந்தாலும் இதே நடக்கிறது. வேறு நாடுகளில் வயதுக் கணக்கு செப்டம்பரில் தொடங்கினால் செப்டம்பர் பிள்ளைகள் நிறைகிறார்கள்.

இதற்கு மாற்றாக, வயதை விட்டு, உடல் முதிர்ச்சியை அளந்து பிள்ளைகளைப் பிரித்து ஆடவிடும் முறையை இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துப் பயிற்சிக் கழகங்கள் 2015 வாக்கில் சோதித்துப் பார்த்தன. வளர்ந்து முடித்தபின் எட்டப்போகும் உயரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் இப்போது எத்தனை சதவீதத்தை எட்டியிருக்கிறது என்று கணித்து, ஒத்த அளவினரை ஒரே போட்டியில் இறக்கினார்கள். தாமதமாக வளரும் பிள்ளைகள், முதல்முறையாகப் பந்தைக் கட்டுப்படுத்தவும் ஆட்டத்தை வழிநடத்தவும் வாய்ப்புக் கிடைத்தது என்றார்கள். அது எதிர்பார்த்ததே. சீக்கிரம் வளர்ந்துவிட்ட பிள்ளைகள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை: இங்கே உடல் பலத்தால் தள்ளிவிட்டுப் போக முடியவில்லை, பந்தை வேகமாகக் கைமாற்றவும் யோசித்து ஆடவும் வேண்டியிருந்தது, ஆட்டம் கடினமாக இருந்தது, ஆனால் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது.